மிதிவண்டிக் கடை தந்த மேதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருவோர் யார் யார் என்று தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் கேட்டபோது நான் வழக்கம்போல் கடைசி வரிசையில் குனிந்துகொண்டேன். எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். கையை உயர்த்தினால் நக இடுக்கில் படிந்திருக்கும் கிரீஸ் கறை தெரிந்துவிடும் என்பது மற்றொரு காரணம். என் தந்தையார் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடை என்றதும் கண்ணாடி அலமாரிகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு வேப்பமரம், அதன் அடியில் தகரப் பெட்டி, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, சில ஸ்பேனர்கள், ஒரு சுத்தியல்; அவ்வளவே. கல்லூரி விட்டதும் மாலைப் பொழுதில் என் இடம் அந்த மரத்தடிதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். அதனால்தானோ என்னவோ, ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பக்கத்து நண்பர் என் விரல்களைப் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனிப்பது என் வழக்கமாக இருந்தது.

இவ்வாண்டு நூலகத்தில் ரைட் சகோதரர்களைப் பற்றிய நூல் ஒன்று கிடைத்தது. விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்த பெயர்கள்தாம். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பதும் கேள்விப்பட்டதே. ஆனால் 1903 நவம்பரில், வானில் எழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அவர்களுடைய யந்திரத்தில் ஏற்பட்ட ஒரு கோளாற்றைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோளாறு எனக்கு நன்கு அறிமுகமானது. என் பதினைந்தாவது வயதில் அதே கோளாற்றால் ஒரு மனிதரை நடுச்சாலையில் விழ வைத்தவன் நான்.

ஆகவே சகோதரர்களில் இளையவரான ஆர்வில் ரைட்டின் வாழ்க்கையைச் சொல்லுமுன், சைக்கிளின் கிராங்கைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நாம் மிதிக்கும் பெடலிலிருந்து நடு அச்சு வரை நீளும் இரும்புக் கைதான் கிராங்க். வலப்புறத்துக் கிராங்கோடு பல்சக்கரமும் சேர்ந்திருக்கும். நம் ஊர்ச் சைக்கிள்களில் இரண்டு கிராங்குகளையும் அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் சிறு ஆப்பு. சுண்டுவிரல் பருமன்கூட இராது. அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அச்சில் வெட்டப்பட்டுள்ள தட்டையான இடத்தில் அந்தச் சரிவு போய் இறுகும். ஓவராயிலிங்குக்கு வண்டி வந்தால் கிராங்கை எடுப்பதற்கு முதலில் இந்த ஆப்பை எடுக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி, ஆனால் முழுவதும் கழற்றிவிடாமல் மரையின் நுனியோடு சமமாக நிறுத்தி, கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் ஒரே அடி. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளின் மீது இறங்கிக் கப்பில் பள்ளம் விழும். தயங்கித் தயங்கிப் பத்து அடி அடித்தாலோ மரை நசுங்குமே தவிர ஆப்பு வராது.

பிறகு இடப்பக்கத்து வளையத்தைத் தளர்த்திக் கப்பைத் திருகி எடுத்தால் அச்சும், பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகளும் கையில் வந்து விழும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததைக் களைந்து, புதுக் கிரீஸில் குண்டுகளைப் பதித்து மீண்டும் பூட்ட வேண்டும். கப்பை மிகவும் இறுக்கினால் மிதி கனக்கும். தளர விட்டால் அச்சு ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதை அளவுகோல் காட்டாது, கைதான் காட்டும். கடைசியில் இரண்டு ஆப்புகளையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இறக்க வேண்டும். மறந்து ஒரே திசையில் இறக்கிவிட்டால் இரண்டு பெடல்களும் நேர்கோட்டில் நில்லாமல் கோணிக்கொண்டு நிற்கும். வலப்பக்கத்துக் கப்புக்கும் இடப்பக்கத்துப் பெடலுக்கும் மரை தலைகீழ் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் சிறுவர்கள் அதில் ஒருமுறையாவது ஏமாறாமல் இருப்பதில்லை.

எங்கள் பகுதிப் பால்கார அண்ணாச்சி ஒருவர் கிராங்க் ஆடுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். அன்று அப்பா வெளியூர் சென்றிருந்தார். நானே கழற்றிச் சுத்தம் செய்து, புதுக் காட்டர் போட்டுப் பூட்டினேன். ஆப்பைச் சுத்தியலால் இறக்கிய பிறகே நட்டை முறுக்க வேண்டும். நட்டு வெறும் காவல்; பிடிப்பெல்லாம் ஆப்பின் சரிவில் இருக்கிறது. நானோ ஓங்கி அடிக்கப் பயந்து, நட்டை முறுக்கியே ஆப்பை இழுத்துவிடலாம் என்று எண்ணினேன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை, மேட்டில் ஏறி மிதிக்கும்போது கிராங்க் நழுவிற்று. அண்ணாச்சி விழுந்தார், இரண்டு கேன் பாலும் சாலையில் ஓடியது. முழங்காலில் ஆழமான காயம். அந்தப் பாலுக்குரிய பணத்தை அப்பா சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதே வண்டியின் கிராங்கை இருட்டும் வரை ஐந்து முறை என்னைக் கழற்றிப் பூட்ட வைத்தார்.

இனி ஆர்விலுக்கு வருவோம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டேட்டன் நகரில், 1871 ஆகஸ்டு 19 அன்று அவர் பிறந்தார். அண்ணன் வில்பர் 1867 இல் பிறந்தவர். தந்தை மில்ட்டன் ரைட் கிறித்துவச் சபை ஒன்றின் பிஷப், நூல்களின் மனிதர். கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் தாய் சூசன்தான். அவர் வண்டி செய்பவர் ஒருவரின் மகள். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களைத் தம் கையாலேயே செய்து கொடுப்பார். 1878 இல் தந்தை வெளியூரிலிருந்து ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், ரப்பர் நாடா ஆகியவற்றால் ஆனது. முறுக்கிவிட்டால் மேலே பறக்கும். சிறுவர்கள் அது உடையும்வரை விளையாடினர். உடைந்ததும் தாங்களே ஒன்று செய்தனர்.

ஆர்வில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. கடைசி ஆண்டுக்கு முன்பே விட்டுவிட்டு 1889 இல் அச்சுத் தொழிலில் இறங்கினார். அச்சு யந்திரத்தையும் தாமே அமைத்தார். பின்னாளில் பெருங்கவிஞராகப் புகழ்பெற்ற பால் லாரன்ஸ் டன்பார் என்ற கறுப்பின இளைஞர் ஆர்விலின் வகுப்புத் தோழர். அவர் நடத்திய சிறு பத்திரிகையை அச்சிட்டுக் கொடுத்ததும் இந்த அச்சகமே. அதே 1889 இல் தாய் காசநோயால் மறைந்தார். வில்பருக்கும் பள்ளிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பாடங்களை முடித்திருந்தும், சான்றிதழ் வாங்குமுன் குடும்பம் ஊர் மாறிவிட்டது. பனித்தரை விளையாட்டில் முகத்தில் அடிபட்டுப் பற்களை இழந்தபின் அவருடைய கல்லூரிக் கனவும் கலைந்தது. உடன்பிறந்த இந்த மூவரில் பட்டம் பெற்றவர் தங்கை கேத்தரின் ஒருவரே. 1898 இல் ஓபர்லின் கல்லூரியில் தேர்ச்சி பெற்று, டேட்டனில் இலத்தீன் ஆசிரியையாகப் பணிபுரிந்தார்.

இதைச் சொன்னால் நம் விடுதி நண்பர்கள் சிலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்: பட்டம் இல்லாதவர்களே விமானம் செய்தார்கள் என்றால் நமக்கு எதற்கு இந்த செமஸ்டர் என்று. அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். படிப்பு வேண்டாம் என்று அந்தச் சகோதரர்கள் ஒருநாளும் இருக்கவில்லை. வீட்டில் இரண்டு நூலகங்கள் இருந்தன. தந்தை எதையும் படிக்கத் தடை சொன்னதில்லை. 1899 மே 30 அன்று வில்பர், பறத்தலைப் பற்றி அதுவரை வெளிவந்த நூல்களைக் கேட்டு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். வந்ததையெல்லாம் இருவரும் படித்தார்கள். படித்த பிறகு, படித்ததில் எது தவறு என்றும் கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டாவது வேலைதான் கடினமானது.

நாம் கடைக்குத் திரும்புவோம். 1890 களில் அமெரிக்கா முழுவதும் சைக்கிள் மோகம். இரு சக்கரமும் ஒரே அளவில், காற்றடைத்த டயரோடு வந்த புதுவகைச் சைக்கிளை எல்லாரும் வாங்கினர். 1892 இல் ஆர்வில் 160 டாலர் கொடுத்து ஒரு புதுச் சைக்கிள் வாங்கினார். வில்பர் ஏலத்தில் 80 டாலருக்குப் பழையது ஒன்றை எடுத்தார். (யார் கடைக்காரருக்கு லாபம் தரும் வாடிக்கையாளர், யார் கடைக்காரரையே வெல்லக்கூடியவர் என்பது இதிலேயே தெரிகிறது.) அதே ஆண்டு இருவரும் சைக்கிள் விற்பனையும் பழுதுபார்ப்பும் தொடங்கினர். 1896 முதல் தங்கள் சொந்தச் சைக்கிள்களையே கட்டினர். ஒன்றுக்கு வான் கிளீவ் என்றும், விலை குறைந்த மற்றொன்றுக்கு செயின்ட் கிளேர் என்றும் பெயர். எண்ணெய் கசியாமல், தூசு புகாமல் இருக்கச் சக்கரத்தின் குடத்தைத் தாங்களே வடிவமைத்தனர். கடையின் லேத்தையும் துளையிடும் யந்திரத்தையும் ஓட்டும் எரிவாயு எஞ்சினும் அவர்கள் கைவேலைதான்.

1900 இல் அவர்கள் விளம்பரப்படுத்திய ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது: கழன்று விழாத பெடல். அந்நாளில் இரண்டு பெடல்களுக்கும் ஒரே மாதிரி வலப்புற மரை போடுவதுண்டு. ஓட்ட ஓட்ட வலப் பெடல் இறுகும்; இடப் பெடல் தளர்ந்துகொண்டே வந்து ஒருநாள் கீழே விழும். இடப் பெடலுக்கு மட்டும் தலைகீழ் மரை போட்டால் இரண்டுமே ஓட ஓட இறுகும் என்பதே அவர்கள் கொடுத்த மருந்து. இதன் காரணத்தை நம் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அதன் நுனியை வட்டமாகச் சுழற்றுங்கள். பென்சில் உள்ளுக்குள் எதிர்த் திசையில் உருளும். பெடலின் அச்சு கிராங்கின் துளைக்குள் செய்வதும் அதுவே. எங்கள் கடையில் இடப் பெடல் ஏன் தலைகீழாகத் திரும்புகிறது என்று சிறுவயதில் கேட்டபோது, அது அப்படித்தான் என்று மட்டுமே பதில் கிடைத்தது. கல்லூரிக்கு வந்து உராய்வுவிசை படித்தபின் விளங்கியது.

1896 இல் ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் இறகு விமானத்திலிருந்து விழுந்து இறந்தார். அவ்வாண்டே ஆர்வில் டைபாய்டு காய்ச்சலில் படுத்து உயிர் பிழைத்தார். லிலியந்தாலின் மரணம் சகோதரர்களின் மனத்தில் ஒரு கேள்வியை விதைத்தது. மற்ற அறிஞர்கள், காற்றில் தானாகவே ஆடாமல் அசையாமல் நிற்கும் விமானம் வேண்டும் என்று தேடினர். சைக்கிள் தானாக நிற்காது. ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் சாய்த்தும் திருப்பியும் அதை நிறுத்துகிறார். இதைத் தினமும் பார்த்தவர்கள், விமானமும் அப்படி ஓட்டப்பட வேண்டியதே என்று எண்ணினார்கள். 1899 ஜூலையில் ஒருநாள், கடைக்கு வந்த ஒருவருக்கு டியூப் எடுத்துக் கொடுத்த வில்பர், அது இருந்த நீண்ட அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். பெட்டியின் இரு முனைகளும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டன. இறக்கைகளையும் இவ்வாறு முறுக்கினால் விமானத்தைச் சாய்க்கலாம், நிமிர்த்தலாம் என்று தெரிந்தது. எங்கள் கடையில் அத்தகைய அட்டைப் பெட்டிகளை நாங்கள் அடுப்பெரிக்கத் தருகிறோம்!

1900 முதல் ஆண்டுதோறும், சைக்கிள் வியாபாரம் மந்தமாகும் காலத்தில், வட கரோலினாவின் கடற்கரையிலுள்ள கிட்டி ஹாக் மணற்பரப்புக்குச் சென்று எஞ்சின் இல்லாத இறகு விமானங்களை ஓட்டிப் பார்த்தனர். 1901 இல் இறக்கை எதிர்பார்த்த அளவு தூக்கவில்லை. கணக்கு லிலியந்தாலின் அட்டவணைப்படி சரி; மணலில் தவறு. உடனே டேட்டனுக்குத் திரும்பி ஒரு செயின்ட் கிளேர் சைக்கிளை எடுத்தனர். அதன் ஹேண்டில் பாருக்கு மேலே மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கையாகப் பொருத்தி, அதன் விளிம்பில் ஒரு பக்கம் தட்டைத் தகடும் மறுபக்கம் வளைந்த சிறு இறக்கையும் வைத்து, தெருவில் வேகமாக மிதித்தனர். காற்று எதை அதிகமாகத் தள்ளுகிறது என்று அந்தச் சக்கரம் சுழன்று காட்டியது. அட்டவணையின் மீது ஐயம் வலுத்தது. துல்லியம் போதாது என்று 6 அடி நீளத்தில் ஒரு மரப் பெட்டி செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, உள்ளே சிறு இறக்கை மாதிரிகளைச் சோதித்தனர். உள்ளே விசையை அளந்த தராசு எதனால் ஆனது தெரியுமா? பழைய ரம்பத் தகடுகளாலும் சைக்கிளின் போக்ஸ் கம்பியாலும்! சுமார் 200 வடிவங்களைப் பார்த்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் நம்பிவந்த காற்றழுத்த எண் 0.005 என்பது மிகை, அது சுமார் 0.0033 தான் என்றும் கண்டனர். நம் ஆய்வுக்கூடத்தில் கருவி மோசம் என்று சொல்லிப் பதிவேட்டில் விடையை முன்கூட்டியே எழுதிவிடும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதி சற்று உறுத்தும்.

1902 இல் புதிய இறகு விமானம் அவர்கள் சொன்னபடி கேட்டது. அடுத்தது எஞ்சின். வெளியில் எங்கும் தகுந்தது கிடைக்காமல், கடையில் 1901 முதல் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்கிடம் அதை ஒப்படைத்தனர். அவர் ஆறு வாரங்களில் 12 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்து முடித்தார். அதன் கிராங்க் தண்டை அவர் செய்த விதம் கேட்டால் எங்கள் அப்பாவே எழுந்து நிற்பார். கனத்த எஃகுப் பலகையில் வடிவத்தை வரைந்து, கோட்டின் வழியே வரிசையாகத் துளையிட்டு, வேண்டாததைச் சுத்தியலாலும் உளியாலும் தட்டி எடுத்து, எஞ்சியதை லேத்தில் கடைந்தார். முடிந்தபோது எடை 19 பவுண்டு. டெய்லரின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் விசை போனது செயின் வழியாக. பல்சக்கரம், செயின், அச்சு: சைக்கிளில் கால் செய்கிற வேலையை இங்கே எஞ்சின் செய்தது. விசிறிகள் எதிரெதிராகச் சுழல வேண்டும் என்பதற்காக ஒரு செயினைக் குறுக்கே எட்டு வடிவில் போட்டு, அது அலையாதபடி இரும்புக் குழாய்களுக்குள் செலுத்தினர்.

1903 நவம்பர் 5 அன்று கிட்டி ஹாக்கில் எஞ்சினை முதன்முதலாக முழு விமானத்தோடு ஓட்டினார்கள். எஞ்சின் விட்டு விட்டு வெடித்தது. ஒவ்வொரு குலுக்கலும் செயின் வழியே பாய்ந்து விசிறியின் அச்சுகளைச் சேதப்படுத்தியது. அச்சுகள் டேட்டனுக்குப் போயின. டெய்லர் வலுவாக்கி அனுப்பினார். 20 ஆம் தேதி வந்து சேர்ந்தன. பூட்டி ஓட்டினால் இப்போது வேறு தொல்லை. அச்சில் மரையால் திருகி, எதிர் மரை நட்டுகளால் பூட்டப்பட்டிருந்த பல்சக்கரங்கள் திரும்பத் திரும்பத் தளர்ந்தன. எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை. அன்றிரவு மனம் சோர்ந்து படுக்கப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடினேன். எனக்கு ஏற்பட்ட அதே தவறு! சீரான விசையை நட்டு தாங்கும். குலுக்கலைத் தாங்காது. மனிதனின் கால், கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இருமுறை அழுத்தி இருமுறை ஓய்கிறது. பிசகிய எஞ்சினும் அப்படித்தான் உதைக்கிறது. அச்சுக்கும் அதில் ஏறிய உறுப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஒவ்வொரு உதையும் அதைப் பெரிதாக்கும். சைக்கிளில் அந்த இடைவெளியை ஆப்பின் சரிவு நிரப்புகிறது. விமானத்தில் ஆப்பு இல்லை.

மறுநாள் காலை அவர்களுக்குக் கடை நினைவு வந்தது. டயரை ரிம்மில் ஒட்டுவதற்குச் சைக்கிள்காரர்கள் உபயோகிக்கும் கெட்டிப் பசை அவர்களிடம் இருந்தது. முன்பு, கடிகார வல்லுநர்கள் கைவிட்ட ஒரு நிறுத்துக் கடிகாரத்தை அவர்கள் அந்தப் பசையால் சரிசெய்ததுண்டு. அச்சையும் பல்சக்கரத்தையும் சூடாக்கி, பசையை உருக்கி மரைகளுக்குள் ஓடவிட்டு, திருகிப் பூட்டினார்கள். அத்தோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. உலகத்தின் முதல் விமானத்தைச் சேர்த்துப் பிடித்தது டயர் ஒட்டும் பசை!

ஆனால் நவம்பர் 28 அன்று, குழாய் வடிவ அச்சுகளில் ஒன்று விரிசல் விட்டிருப்பதைக் கண்டனர். அந்தக் குழாய்கள் வலுவில் குறைந்தவை அல்ல. விசை சீராக வந்தால் பல மடங்கு தாங்கக்கூடியவை. ஆனால் குலுக்கலை உள்வாங்கி நெளிந்து கொடுக்கும் தன்மை அவற்றுக்கு இல்லை. ஆகவே குழாயை விட்டுவிட்டு, அதைவிடப் பருமன் குறைந்த, உள்ளே வெற்றிடமில்லாத எஃகுத் தண்டுகளைத் தேர்ந்தனர். வலுவானது உடைகிறது, சற்று முறுக்கிக் கொடுப்பது நிற்கிறது. முறுக்கு விசை பற்றி வகுப்பில் வரைந்த வரைபடங்களை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். புது அச்சுகளைச் செய்ய ஆர்வில் தாமே டேட்டனுக்கு ரயிலேறினார். டிசம்பர் 11 அன்று திரும்பி வந்தார். இடையில் டிசம்பர் 8 அன்று, அரசாங்கம் 50,000 டாலர் கொடுத்து ஊக்குவித்த பேராசிரியர் லாங்லியின் விமானம் போட்டோமாக் ஆற்றில் இரண்டாம் முறையாக விழுந்தது. சைக்கிள் கடைக்காரர்கள் தங்கள் சொந்த வருமானத்திலிருந்து செலவழித்தது 1,000 டாலருக்கும் குறைவு.

டிசம்பர் 14 அன்று நாணயம் சுண்டியதில் வில்பர் வென்றார். விமானம் எழுந்து மூன்றரை விநாடியில் மணலில் மூக்கை ஊன்றியது. பழுதுபார்த்தபின் 17 ஆம் தேதி ஆர்விலின் முறை. 60 அடி நீளத் தண்டவாளத்தின் மீது, சைக்கிள் சக்கரக் குடங்களே உருளைகளாக அமைந்த சிறு வண்டியில் விமானம் நின்றது. உறையவைக்கும் எதிர்க்காற்று. உதவிக்கு வந்த உள்ளூர்க்காரர்கள் ஐவர் சாட்சி. ஆர்வில் 12 விநாடி பறந்தார். தூரம் 120 அடி. நம் கல்லூரி மைதானத்தில் நூறு மீட்டர் ஓடுபவர் பாதிகூட ஓட வேண்டாம், அவ்வளவுதான். நான்காவது முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி சென்றார். பிறகு ஒரு பெருங்காற்று விமானத்தைப் புரட்டி உடைத்துவிட்டது. 1903 இன் அந்த யந்திரம் மீண்டும் பறக்கவேயில்லை.

அதற்குப் பின் நடந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1905 அக்டோபர் 5 அன்று டேட்டன் அருகே ஒரு புல்வெளியில் வில்பர் 39 நிமிடங்களில் 24 மைல் பறந்தார். 1908 இல் பிரான்சில் வில்பர் பறந்து காட்ட, ஐரோப்பா அசந்துபோனது. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று, வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையரில் ஆர்வில் ஓட்டிய விமானத்தின் விசிறி பிளந்து, அதிர்ந்து, வால் கம்பியை அடித்தது. உடன் சென்ற லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் விமான விபத்தில் பலியான முதல் மனிதர் அவரே. ஆர்விலுக்குத் தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. மருத்துவமனைப் படுக்கையிலும் அவர் மனம் உடைந்த துண்டுகளில்தான் இருந்தது. எந்த விரிசல், எந்தக் கம்பி என்று காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவர் ஓயவில்லை. கேத்தரின் ஆசிரியப் பணியை விட்டு ஓடிவந்து, வாரக்கணக்கில் அண்ணனின் பக்கத்தில் இருந்தார். பால்கார அண்ணாச்சியின் முழங்காலை நினைத்துக்கொண்டு இப்பகுதியை இருமுறை படித்தேன்.

1912 மே 30 அன்று வில்பர் டைபாய்டில் மறைந்தார், வயது 45. காப்புரிமை வழக்குகள் அவரை வாட்டியிருந்தன. ஆர்வில் 1915 இல் விமானக் கம்பெனியை விற்றுவிட்டு, டேட்டனில் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தில் ஒதுங்கினார். அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத ஒரு பகுதியும் உண்டு. 1926 இல், 52 வயதில், கேத்தரின் திருமணம் செய்துகொண்டபோது ஆர்வில் அந்தத் திருமணத்துக்குப் போகவில்லை. தங்கையோடு பேசவும் இல்லை. 1929 இல் அவர் நிமோனியாவில் மரணப்படுக்கையில் கிடந்தபோதுதான், மற்றோர் அண்ணன் வற்புறுத்திப் போய்ப் பார்த்தார். அச்சில் நெளிவு வேண்டும் என்று கண்டுபிடித்தவருக்கு வீட்டில் அது தெரியாமற்போயிற்று. கேத்தரின் இல்லாமல் அந்தச் சகோதரர்களின் கதையே இல்லை என்பதால் எனக்குக் கோபம் அதிகம்.

1937 இல் ஹென்றி ஃபோர்டு அந்தச் சைக்கிள் கடையை அப்படியே பெயர்த்து, மிச்சிகன் மாநிலத்தில் தம் காட்சிக்கூட கிராமத்தில் நிறுவினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் 1928 இல் ஆர்வில் இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்ட 1903 விமானம், அவர் கண்மூடியபின், 1948 டிசம்பர் 17 அன்று வாஷிங்டனில் வைக்கப்பட்டது. சார்லி டெய்லருக்கு ஆண்டுக்கு 800 டாலர் கிடைக்கும்படி ஆர்வில் உயில் எழுதியிருந்தார். டெய்லர் 1956 இல் இறந்தார்.

ஆர்விலின் கடைசி வேலை நாள் 1948 ஜனவரி 27. அன்று காலை 76 வயது முதியவர், தம் மாளிகையின் வாசல் மணி அடிக்கவில்லை என்று ஆளைக் கூப்பிடாமல் தாமே கருவிகளோடு உட்கார்ந்து அதைப் பழுதுபார்த்தார். பிறகு ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். அங்கே மாரடைப்பு வந்தது. 30 ஆம் தேதி இரவு உயிர் பிரிந்தது.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் பால்கார அண்ணாச்சி வண்டியை ஓவராயிலிங்குக்குக் கொண்டுவந்தார். அப்பா பக்கத்தில் இருந்தும் வண்டியை என் முன்னால்தான் நிறுத்தினார். குழாயை முட்டுக் கொடுத்து அடித்தேன். ஆப்பு ஒரே அடியில் வந்தது. குண்டுகளைக் கழுவிப் பூட்டியபின், அப்பா வந்து கிராங்கை இரு பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஞ்சர் வேலைக்குப் போய்விட்டார். புது ஆப்பு ஓடிய பிறகு சற்று அமரும். ஆகையால் நாளை மறுநாள் வண்டியை மறுபடி கொண்டுவருமாறு அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.